ஒரு பல்புக்கு இரண்டு விடை

இது மூன்றாவது தடவை. இதற்கு மேல் தேர்வு எழுத விடமாட்டார்கள். எழுதுவது பெண்ணாக இருந்தாலும் அதற்கு வயர்மேன் லைசென்ஸ் என்றுதான் பெயர். அந்தப் பெயருக்காக ஒரு நாள் தனியாகச் சண்டை போட வேண்டும்.

பதினோரு வருடமாக வீடுகளுக்கு வயரிங் செய்கிறேன். சுவரைக் கொத்துவதும் நான், பைப் பதிப்பதும் நான், ஏணி மேல் நின்று கழுத்து வலிக்க ஃபேன் மாட்டுவதும் நான். முடிந்ததும் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது மட்டும் என் கொழுந்தன். லைசென்ஸ் அவனிடம் இருக்கிறது. சட்டை மடிப்புக் கலையாமல் வந்து, "எல்லாம் சரியா இருக்குல்ல அண்ணி?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறப்பான். வீட்டுக்காரர்கள் அவனுக்குத்தான் நன்றி சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எந்த வேலைக்கு எந்த வயர் என்று என் கைக்குத் தெரியும். கணக்குதான் காலை வாரிவிடும். முதல் தடவை வோல்ட்டை ஆம்பியரால் வகுப்பதற்குப் பதில் தலைகீழாக வகுத்துவைத்தேன். அடுத்த தடவை புள்ளி ஓரிடம் தள்ளிப்போனது.

இன்று மேஜையில் ஒரு பழைய குண்டு பல்பு. மேலே எத்தனை வாட் என்று அச்சடித்திருந்ததைச் சுரண்டிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு வோல்ட்மீட்டர், ஒரு அம்மீட்டர். அளந்து, மின்தடையையும் திறனையும் கணக்கிட வேண்டும். அவ்வளவுதான் கேள்வி.

சுவிட்சைப் போட்டேன். 230 வோல்ட், 0.43 ஆம்பியர். வகுத்தால் 535 ஓம், பெருக்கினால் 98.9 வாட். நூறு வாட் பல்பு. அழகாக எழுதினேன். பத்து நிமிடம் மிச்சம் இருந்தது.

அத்தோடு எழுந்து வந்திருக்க வேண்டும். சும்மா இருந்தால்தானே! சரிபார்க்கிறேன் பேர்வழி என்று ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, என் சொந்த மல்டிமீட்டரைப் பல்பில் வைத்தேன். 38 ஓம் என்றது.

முனைகளைத் துடைத்து மறுபடி வைத்தேன். 38. என் மீட்டர் இதுவரை என்னை ஏமாற்றியதில்லை, என் கணக்கு இரண்டு முறை ஏமாற்றியிருக்கிறது. யாரை நம்புவேன்? 535ஐ அடித்தேன். 38 என்று எழுதினேன். 230ஐ 230ஆல் பெருக்கி 38ஆல் வகுத்தால் 1392 வாட் வந்தது. அதையும் எழுதினேன்.

எழுதிவிட்டுத்தான் பார்த்தேன். 1392 வாட்டா? வீட்டு அயர்ன் பாக்ஸே ஆயிரம்தான். இந்தப் பல்பு அப்படி இழுத்தால் அம்மீட்டர் ஆறைக் காட்ட வேண்டும். அது அரையைக்கூடத் தொடவில்லை. ஆக மீட்டரும் பொய் சொல்லவில்லை, கணக்கும் பொய் சொல்லவில்லை. எனக்குத்தான் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். அழுகை வந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி பல்பை எரியவிட்டேன். ப்ளக்கைப் பிடுங்கியதும் மல்டிமீட்டரை வைத்தேன். 71. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் இறங்கியது. 58. 47. 41. கடைசியில் 38இல் நின்றது.

பல்புக்குள் இருக்கும் கம்பி ஆறிக்கொண்டிருந்தது! சூடேறினால் தடை ஏறும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பதினாலு மடங்கு ஏறும் என்று யார் சொன்னார்கள்? 38 தூங்குகிற பல்பின் தடை, 535 எரிகிற பல்பின் தடை. கேள்வி எரிகிற பல்பைப் பற்றியது. 38ஐயும் 1392ஐயும் அடித்துவிட்டு, கீழே பழைய விடையையே மறுபடி எழுதியபோது மணி அடித்தது.

தேர்வாளர் தாளை எடுத்துப் பார்த்தார்.

"எதும்மா விடை? அடிச்சு அடிச்சு எழுதியிருக்கீங்க?"

"கடைசியா எழுதினதுதான் சார். முதல்ல எழுதினதும் அதேதான்."

"அப்புறம் எதுக்கு அடிச்சீங்க? நடுவுல இந்த முப்பத்தெட்டு எங்கேருந்து வந்துச்சு?"

"உங்க பல்புலேருந்துதான் சார். ஆறின பிறகு அளந்து பாருங்க."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு என் மீட்டரை வாங்கி அவரே வைத்துப் பார்த்தார். புருவம் ஏறியது.

"இதை யாரும் கேக்கலையே. ஏன் அளந்தீங்க?"

"என் கணக்கு மேல எனக்கே நம்பிக்கை இல்ல சார்."

"கணக்கு சரிதான்" என்று சொல்லி, பச்சை மையில் கையெழுத்திட்டார். "லைசென்ஸ் பதினஞ்சு நாள்ல வரும்."

வாசலுக்கு வருவதற்குள் கொழுந்தன் போன் செய்துவிட்டான்.

"அண்ணி, என்னாச்சு?"

"பாஸ்."

"ஐயோ, சூப்பர் அண்ணி!" என்று கத்தினான்.

"அண்ணி... அப்ப நாளைலேருந்து நான் எங்க வரணும்?"

இந்த ஒரு கேள்விக்காகப் பதினோரு வருடம் காத்திருந்தேன். சுடச்சுடத் திருப்பிக் கொடுக்க எத்தனை பதில் சேர்த்துவைத்திருந்தேன்! ஆனால் அவன் குரல் சின்னப் பையன் குரல்போல இருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது, பாவமாக இருக்கிறதே என்று கோபமாகவும் இருந்தது.

"பழைய சட்டை ஏதாவது போட்டுட்டு வா" என்றேன்.