நாலாம் மாடிச் சன்னலும் எதிர்க் கோபுரமும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. 'பார்த்தே தீர வேண்டிய உயரக் கட்டடங்கள்' என்ற சுற்றுலாப் புத்தகத்துக்குக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். இப்படித் தொடங்கினேன்:

"மாலை வெயிலில் தங்கமாய்த் தகதகக்கும் இந்தக் கண்ணாடிக் கோபுரத்தின் அழகை..."

அதற்குமேல் கை ஓடவில்லை. அந்தத் தகதகப்பு எங்கே போய் விழுகிறது என்று எனக்குத் தெரியும். எதிர்க் கட்டடத்தின் நாலாம் மாடியில், என் சித்தியின் தையல் மேசைமேல்.

2

சித்தி அந்த அறையைப் பிடித்ததே வடக்குச் சன்னலுக்காகத்தான். வடக்கு வெளிச்சத்தில் நூலின் நிறம் ஏமாற்றாது என்பது தையற்காரர்கள் கணக்கு. எதிரே கோபுரம் எழும்பியதும், அதன் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வடக்கிலிருந்தும் வெயில் அடிக்கத் தொடங்கியது. கண் கூசிய ஒரு சாயங்காலம் கருப்புக் கோட்டுக்குக் கருநீல நூலை ஓட்டிவிட்டாள். வாங்க வந்தவர் அதை மேசையில் விசிறி எறிந்துவிட்டுப் போனார். மறுநாளே கெட்டித் துணியில் திரை தைத்துச் சன்னலை மூடினாள்.

[இந்த இடத்தில் அவளை அழ வைத்திருந்தேன். படித்துக் காட்டியதும் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"நான் எப்படா அழுதேன்?"

"கதைக்காக, சித்தி."

"கதைக்கு வேணும்னா நீ அழு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அத எழுது."]

எழுதுகிறேன். அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் யாரோ நாலு பேருக்குக் காட்சி காட்ட அழைத்து வந்தார்; திரையைக் கண்டதும் பிடுங்கி எறிந்தார்.

"கோபுரம் இங்கேருந்துதான் முழுசாத் தெரியுது. டிக்கெட் போட்டா கூட்டம் அள்ளும். மாசக் கடைசியில காலி பண்ணிடும்மா."

"பாக்கறவன் பாத்துட்டுப் போயிடுவான். நான் எங்கய்யா போறது?"

"ஊருக்கே பெருமைம்மா. கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாதா?"

பெருமையாம்! எனக்கு வயிறு எரிகிறது. போகிற போக்கில், அங்கே நின்றிருந்த என்னிடமும் குழைந்தார்: "தம்பி, புத்தகத்துல எங்கேருந்து பாக்கலாம்னு போடுவீங்கல்ல? நாலாம் மாடின்னு ஒரு வரி போட்டுடுங்க."

(அந்த வரியை நான் போடவில்லை. போடவும் மாட்டேன்.)

3

முடிவுகள் யோசித்தேன்.

கோபுரத்துக்காரர்கள் மனமிரங்கிக் கண்ணாடியை மாற்றுகிறார்கள். எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

சித்தி வேறு அறை பிடித்து ஓகோவென்று... வேண்டாம். வீட்டுக்காரருக்கு நானே வழி விட்டதுபோல ஆகும்.

சித்தி கத்தரியை வீசி அந்தக் கண்ணாடியை நொறுக்குகிறாள். (அவ்வளவு தூரம் எறிய அவளால் முடியாது. எனக்கு ஆசைதான்.)

மூன்றையும் படித்துக் காட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு புதுத் திரைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"முடிவே எழுதாதே. முடிச்சா, நல்லாயிருந்துச்சுன்னு மூடி வச்சுட்டுப் போயிடுவாங்க. நான் இன்னும் இங்கதான்டா இருக்கேன்."

ஆகவே முடிவு கிடையாது. மாசக் கடைசி இன்னும் வரவில்லை. கோபுரத்தைப் பார்க்க ஆசையா, தாராளமாகப் போங்கள், நன்றாகத்தான் இருக்கிறது. தெருவில் நின்று, கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பாருங்கள். அப்போது ஒருவர் டிக்கெட்டை நீட்டி, "மேல நல்ல சன்னல் இருக்கு, வாங்க" என்பார். அதற்கு நீங்கள் சொல்லும் பதிலை நான் எழுத முடியாது.