கொக்கிக்குக் கீழே

கப்பலின் அடிக்கிடங்கில் ஆட்கள் இரும்புக்கம்பிக் கட்டுக்குக் கொக்கி மாட்டி ஒதுங்கினார்கள். மேல்தட்டு விளிம்பில் நின்ற குரல்காரர் "ஏத்தூ..." என்று இழுத்தார். பாதியில் குரல் அடைத்துக்கொண்டது. கிரேன்காரனுக்கு அடிக்கிடங்கு தெரியாது. இவர் குரல்தான் அவனுக்குக் கண். மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லை. இப்போது இதுவும்.

டாக்டர் காகிதத்தில் படம் போட்டார்.

"உணவுக்குழாய்ல புத்து. குழாயோட, சுத்தியிருக்கற நெறிக்கட்டியெல்லாம் எடுத்துடணும். நோய் அது வழியாத்தான் பரவும். கழுத்துகிட்ட சிலது குரல் நரம்ப ஒட்டிக்கிட்டு இருக்கு."

"அத மட்டும் விட்டுருங்களேன்."

"ஒண்ணுல நோய் தங்கினாலும் திரும்ப வந்துடும், பெரியவரே."

டாக்டர் சிரித்தாலே எதையோ மறைக்கிறார் என்று நினைக்கிற ஆள் இவர். அன்று அவர் சிரிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"உசுரு இருந்தா உப்பு வித்தாவது பொழச்சுக்கலாம்" என்றாள் மனைவி.

"உப்பு விக்கவும் கூவணும்டி."

ஆபரேஷனுக்குத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தபோது அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் கண் விழித்தார். மூக்கில் ஒரு குழாய், விலாவில் ஒரு குழாய். மனைவி இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். அவள் அடுத்த துண்டை எடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் சோதனைத்தாளோடு வந்தார். "நெறிக்கட்டி முப்பத்தொண்ணு எடுத்தோம். ரெண்டுலதான் நோய். நல்ல சேதி."

"கொரலு?" காற்றாக வந்தது.

"நரம்பு சோர்ந்திருக்கு. வந்தா வரும்."

ஆறாம் மாதம் துறைமுகத்துக்குப் போனார். சட்டைக்குள் ஆள் பாதிதான் இருந்தார். விளிம்பில் வேறொருவன் நின்றிருந்தான்.

"கத்த முடியாதவருக்கு மேல என்ன வேல?" என்றார் மேஸ்திரி. "கீழ எறங்குங்க. கொக்கி மாட்ட வாய் எதுக்கு?"

ஏணியில் நின்று நின்று இறங்கினார். மற்றவர்கள் மூலையில் அடுத்த கம்பிக்கட்டை உருட்டிக்கொண்டிருக்க, அவர் கொக்கியை மாட்டிக் கையை உயர்த்தினார். "ஏத்தூ!" என்றான் மேலே இருந்தவன். கட்டு எழும்பியது. தலைக்கு மேல் போனதும் ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு கம்பி ஒரு சாண் வெளியே வழுக்கியது.

அவர் வாயைத் திறந்தார். பின்வாங்கினார், முதுகு கப்பலின் இரும்புச் சுவரில் இடித்தது. கழுத்து நரம்பு புடைக்க மறுபடி திறந்தார். விளிம்பில் நின்றவன் யாரிடமோ திரும்பிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். கம்பி இரண்டாவது சாணும் வந்தது. கட்டு ஏறிக்கொண்டே இருந்தது.