வீட்டிலேயே தங்கிவிட்ட குரல்

பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்த அந்தப் பெண் ஆடிஷனுக்குப் போகிற நாட்களில், அவளுடைய குரல் மட்டும் வீட்டிலேயே தங்கிவிடும். முதல் தடவை அது நடந்தபோது அவளுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. ஊரிலிருந்த ஒரே நாடகக் குழுவின் அரங்கத்தில், மேடை நடுவில் போய் நின்று வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது, அழ வேண்டிய இடத்தில் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. சத்தம் வரவில்லை. அதே நேரத்தில், சில பஸ் நிறுத்தங்கள் தள்ளி, மூன்றாம் மாடி வீட்டுக் குளியலறையில், ஆளே இல்லாமல், அவள் குரல் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரு பிசிறில்லாமல் பேசிக்கொண்டிருந்தது. ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார், மருமகள் இன்னும் கிளம்பவில்லை என்று நினைத்து, "லேட்டாகுதும்மா, அழுததெல்லாம் போதும்" என்று கதவைத் தட்டினார். கதவு திறந்துகொண்டது. உள்ளே ஒரு வாளி, கவிழ்த்து வைத்த குவளை, அந்தக் குரல். மாமியார் பயப்படவில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து உடம்பில்லாத குரல்களோடு மல்லுக்கு நின்றவர். குரல் பேசி முடிக்கிறவரை வாசலில் நின்று கேட்டுவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, மிச்சத் துணியை மடிக்கப் போனார்.

அந்த வீட்டில் உருப்படியாகத் தாழ்ப்பாள் விழுகிற கதவு குளியலறைக் கதவு ஒன்றுதான். கல்லூரியில் ஒரு நாடகத்தில் நடித்துக் கைதட்டல் வாங்கியதை மறக்க முடியாத அந்தப் பெண், ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அதற்குள் நுழைந்து தாழ் போட்டுக்கொண்டு வசனம் சொல்லிப் பார்ப்பாள். குளியலறையில் யாருக்குத்தான் குரல் நன்றாக இல்லை? நாலு பக்கமும் பளபளவென்று டைல்ஸ், சொன்ன வார்த்தை சுவரில் பட்டு மெருகேறித் திரும்பி வரும். அந்தச் சுகத்துக்குக் குரல் பழகிவிட்டது. அது போதாதென்று அவள் எல்லாவற்றையும் அளந்தும் வைத்திருந்தாள். எந்த வரியில் குழாயைத் திருக வேண்டும், எந்த வார்த்தையில் வாளி விளிம்பைத் தொட வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் முடிவாகிப்போன விஷயங்கள். கண் உயரத்தில் விரிசல் விட்ட டைல்ஸ் ஒன்று இருந்தது. எதிரில் நடிக்கிறவர் காதலனானாலும் சரி, அப்பாவானாலும் சரி, போலீஸ்காரரானாலும் சரி, அவள் அந்த டைல்ஸைப் பார்த்துத்தான் பேசுவாள்.

அடுத்தடுத்த வருஷங்களில் இன்னும் மூன்று தடவை போனாள், மூன்று தடவையும் இதே கதைதான். தேர்வு செய்கிற இயக்குநர் அம்மாள், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "முகம் நல்லா பேசுதும்மா. ஊமை வேஷம் வந்தா சொல்லி அனுப்பறேன்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் வலித்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் நாக்கை இழுத்துப் பிடித்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். இதற்குள் விஷயம் படிக்கட்டு வழியாக மற்ற மாடிகளுக்கும் இறங்கியிருந்தது. ஆடிஷன் நாளில் கீழ்வீட்டுத் தையல்காரம்மாள் வேலையை ஏறக்கட்டிவிட்டு மேலே வந்துவிடுவார். மாமியாரும் அவரும் குளியலறை வாசலில் ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, அரங்கத்தில் யாருக்கும் கிடைக்காத நடிப்பை முழுசாகக் கேட்பார்கள். மருமகள் முகம் செத்துத் திரும்பி வரும்போது குரல் வாசலிலேயே அவளோடு சேர்ந்துகொள்ளும். ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

"எப்படி இருந்துது அத்தை?" என்று அவள் கேட்பாள். கேட்காமலும் இருக்க முடியாதே.

"நல்லாத்தான் இருந்துது. போன தடவைக்கு இந்தத் தடவை அழுகை ஜாஸ்தி. தையக்காரம்மா ஒரு பாடு அழுதுட்டுத்தான் போனா."

ஐந்தாவது தடவை வந்தது, குழுவின் மூத்த நடிகை மகளோடு வேறு ஊருக்குக் குடிபோனதால். ஒரு நாடகத்துக்கு மட்டும் என்றில்லாமல், குழுவிலேயே நிரந்தரமாக ஓர் இடம். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அவள் சொல்லிவிட்டாள். இந்தத் தடவையும் குரல் வராவிட்டால் இனிமேல் நடிப்பு என்ற பேச்சையே எடுக்கப் போவதில்லை. கோபமோ அழுகையோ இல்லாமல், அரிசி தீர்ந்துபோனதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். அப்படிச் சொன்னால் அவள் செய்துவிடுவாள் என்று அவள் புருஷனுக்குத் தெரியும். அவன் லிஃப்ட் மெக்கானிக். விரல் இடுக்கிலிருந்த கிரீஸ் எந்தச் சோப்புக்கும் போகாது. சிரிப்பும் அப்படித்தான், எதற்கும் போகாது. அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கையைக்கூடக் கழுவாமல் யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆஸ்பத்திரில நீ பேசறப்ப குரல் கூட வருதுல்ல?" என்று கேட்டான்.

"வருது. அங்க நான் என்ன நடிக்கிறேனா? பயந்து வர்றவங்களை உக்கார வெச்சு சமாதானம் பண்றேன், அவ்வளவுதான்."

"அப்ப குரல்ல கோளாறு இல்ல. ஒரே மாடியில நின்னு பழகிடுச்சு. மத்த மாடியெல்லாம் அதுக்குத் தெரியாது. ஒவ்வொண்ணா காட்டணும்."

"உங்களுக்கு எல்லாமே லிஃப்ட்தான்."

"சோறு போடுதுல்ல."

மறுநாளே அவள் குளியலறையில் வசனம் பேசுவதை நிறுத்தினாள். அதற்குப் பிறகு குளிக்கும்போது வாயைத் திறப்பதே இல்லை, சோப்பு கண்ணில் பட்டால்கூட. இந்த முறை கொடுத்திருந்த காட்சி ஒரு தங்கும் விடுதியில் நடப்பது. விடுதியை மூடப் போகிறார்கள். அதை நடத்துகிற பெண், பல வருஷமாக அங்கே தங்கியிருக்கிற ஒருவரிடம் காலி செய்யச் சொல்ல வேண்டும். அவர்மேல் அவளுக்கு மனசு உண்டு, அதைச் சொன்னதில்லை. முதலில் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், கம்ப்ரஸர் தடதடக்கிற இடத்தில் அந்தக் காட்சியைப் பேசிப் பார்த்தாள். இரண்டாவது வரியிலேயே குரல் நழுவி வீட்டுக்கு ஓடிவிட்டது. புருஷன் பழுது பார்க்கிற கட்டடங்களின் மொட்டை மாடி மோட்டார் அறைகளுக்குக் கூட்டிப் போனான். அங்கே எதிரொலி கிடையாது, தூசிதான். அவன் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டே விடுதியில் தங்கியிருப்பவராக நின்று, எதிர்வசனத்தைத் தப்புத் தப்பாகப் படித்தான். குரல் முகத்தைச் சுளித்துக்கொண்டு பாதிக் காட்சிவரை இருந்தது. பிறகு முக்கால் காட்சி. சில வாரங்களில் மார்க்கெட்டுக்கே போனார்கள். பஸ்ஸில் கண்டக்டர், குரலுக்கு டிக்கெட் வேண்டியதில்லை, ஆனால் படியில் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மார்க்கெட் நிறுத்தத்தில் நின்று, "இனிமே உங்களுக்கு இங்க இடமில்ல. பெட்டியை எடுத்துக்கிட்டுப் போங்க" என்று அவள் சொன்னபோது, பக்கத்தில் நின்றிருந்த யாரோ ஒரு மனிதர் பேசாமல் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிழற்குடையின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டார். அவள் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டாள். குரலுக்கோ தலைகால் புரியவில்லை. சுவர் திருப்பிச் சொல்வதைவிட ஒரு மனுஷர் காதில் விழுவது எவ்வளவு ருசி என்று அன்றைக்குத்தான் அதற்குத் தெரிந்தது.

ஆடிஷன் நாளன்று அவளும் குரலும் சேர்ந்தேதான் கிளம்பினார்கள். வாசலில் மாமியாரிடம், "வரேன் அத்தை" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள், மாமியாரும் நிம்மதியாகத் தலையாட்டினார். பஸ்ஸில் நல்ல கூட்டம். மார்க்கெட் நிறுத்தம் வந்ததும் பழக்க தோஷத்தில் குரல் இறங்கிவிட்டது. அரங்கத்து வாசலில் காவல்காரரிடம் வந்த விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று கால் அரை அடி நகரவும் செய்தது. ஆனால் முன்பெல்லாம் குரல் தன்னைக் கைவிட்டுவிட்டதாக அவள் நினைத்திருந்தாள். இப்போது அப்படித் தோன்றவில்லை. வழியில் இறங்கிய ஆள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வரும், அதற்கு வழி தெரியும், வரட்டும் என்று இருந்தது. உள்ளே போய் மேடையில் ஏறினாள்.

இயக்குநர் அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "ஆரம்பிக்கலாமா?" என்றார். மற்ற தடவைகளில் இந்த இடத்தில் அவள் காற்றை மென்று மென்று திணறியிருப்பாள். இந்தத் தடவை, ஆஸ்பத்திரியில் அவசரப்படுகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி உள்ளங்கையைத் தாழ்த்தி, கொஞ்சம் உட்காருங்கள், கூப்பிடுகிறேன் என்று காட்டினாள். யாரும் தன்னைக் காத்திருக்கச் சொல்லிப் பழக்கமில்லாத இயக்குநர் அம்மாள் உட்கார்ந்துவிட்டார். அவள் நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். பாட்டிலை மூடிக் கீழே வைத்துவிட்டு, எதிர்வசனம் படிக்க நின்றிருந்த மனிதரைப் பார்த்தாள். நாலு ஆடிஷனிலும் இவரேதான் எதிரில் நின்று படித்தவர். நாலு தடவையும் இவர் இருந்த இடத்தில் அவள் ஒரு விரிசல் விட்ட டைல்ஸைத்தான் பார்த்திருக்கிறாள். இப்போதுதான் மனுஷன் தெரிந்தார். நரைத்த மீசை. சட்டையில் ஒரு பட்டன் மட்டும் வேறு நிறம். இடது கன்னம் வீங்கி, வாயை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு, நாக்கால் உள்ளே எதையோ தடவிக்கொண்டிருந்தார். கையில் வசனக் காகிதம். அவளுக்கு ஆடிஷன், இயக்குநர், நிரந்தர இடம் எல்லாம் மறந்துபோயிற்று. பக்கத்தில் போய்க் குனிந்து, "எப்பலேருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

அரங்கம் முழுக்க அது கேட்டது. குரல் எந்தக் கதவு வழியாக வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. காய்கறி வாசனையோடு ஏதோ தோளை உரசிக்கொண்டு ஓடியதாகக் காவல்காரர் மட்டும் பிற்பாடு சொன்னார்.

"ஞாயித்துக்கிழமையிலேருந்து," என்றார் மீசைக்காரர். "மாத்திரை போட்டா அடங்கிடும்னு பாத்தேன்."

"அடங்காது. இந்தக் கன்னத்தை வெச்சுக்கிட்டு எங்க போவீங்க நீங்க? ஆனா போய்த்தான் ஆகணும்," என்றாள் அவள். இதில் எந்த வார்த்தைவரை ஆஸ்பத்திரி, எந்த வார்த்தையிலிருந்து விடுதி என்று அவளுக்கே தெரியாது. மீசைக்காரர் பழைய ஆள், சட்டென்று பிடித்துக்கொண்டு காகிதத்திலிருந்த முதல் வரியைப் படித்தார். பல் வலியோடு படித்ததால் அது இருந்த இடம் பறிபோகப்போகிற மனிதன் பேச்சாகவே இருந்தது. காட்சி அதன்பாட்டுக்குப் போயிற்று. வாளியும் இல்லை, குழாயும் இல்லை, கை எங்கே போக வேண்டுமோ அங்கே போயிற்று. முடிந்ததும் இயக்குநர் அம்மாள், "இன்னொரு தடவை பண்ணுங்க. இப்ப, அவர் போயிடக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டே போகச் சொல்லுங்க" என்றார். அப்படி அவர்கள் எங்குமே சொல்லிப் பார்த்ததில்லை, மோட்டார் அறையிலும் இல்லை, மார்க்கெட்டிலும் இல்லை. அவள் குரலை நம்பினாள், குரல் அவளை நம்பியது. "பெட்டியை எடுத்துக்கிட்டு" என்கிற இடத்தில் அது லேசாக உடைந்தது. அவள் அதைச் சரி செய்யப் போகவில்லை.

"இத்தனை வருஷமா இந்தக் குரலை எங்கம்மா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார் இயக்குநர் அம்மாள்.

"வீட்லதாங்க."

"திங்கக்கிழமையிலேருந்து இங்க கொண்டு வந்துடுங்க."

அதே நேரத்தில் மாமியாரும் தையல்காரம்மாளும் பழக்கத்தை விட முடியாமல் குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நேரம் போகப் போக மாமியாரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. எழுந்து போய் மகனுக்குப் போன் போட்டார். அவன் ஏதோ ஒரு கட்டடத்தில், லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டு போனை எடுத்தான்.

"பாத்ரூம்ல சத்தமே இல்லடா."

"நல்லா கேட்டியாம்மா?"

"குழாய் சொட்டறதுகூட கேக்குது. வேற ஒண்ணுமில்ல."

அவன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, லிஃப்டின் மேலேயே கால் நீட்டி உட்கார்ந்தான். வாயிலிருந்து ஒரு பெரிய மூச்சு வெளியேறியது. மாடியில் லிஃப்டுக்காகப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் படியில் இறங்கிப் போனார்கள். தையல்காரம்மாளுக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம். ஒரு நல்ல பொழுதுபோக்கு போயிற்று, இனிமேல் டிக்கெட் வாங்கித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தார்.

அவள் அந்தக் குழுவில் வெகு காலம் நடித்தாள். விடுதிக்காரியாக, ராணியாக, திருடியாக, ஒரு தடவை ஊமையாகவும் நடித்தாள். அந்த நாடகத்தின்போது குரல் முதல் வரிசையில் காலியாக இருந்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்தது. மீசைக்காரரின் கடைவாய்ப் பல்லை அவள் ஆஸ்பத்திரியிலேயே எடுத்தார்கள், எடுக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளும் அவள்தான். குரல் அதற்குப் பிறகும் எப்போதாவது வழியில் இறங்கிவிடுவதுண்டு. அந்த நாட்களில் அவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள், பதறமாட்டாள். குழுவுக்குப் புதிதாக வந்த நடிகர் ஒருவர், நாடகம் தொடங்குகிற மூன்றாவது மணி அடித்த பிறகும் பக்கவாட்டுக் கதவை ஏன் சாத்தவில்லை என்று காவல்காரரிடம் கேட்டார். அந்தம்மாவின் குரல் இன்னும் வரவில்லை, பஸ் லேட்டு போலிருக்கிறது என்றார் காவல்காரர். புதியவர் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, வழியை அடைத்துக்கொண்டு நிற்காமல் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டார்.