மடியில் வந்த முட்டைகள்

பிரபினைச் சொந்த ஊரான அருமனையில் சபைக் கல்லறையில் அடக்கிய மறுவாரம், அவன் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்ய அம்மா செல்லபாயும் தங்கை பிரீனாவும் ஹைதராபாத் போனார்கள். அங்கே லாரி மோதி இறந்தவன். சவப்பெட்டி விமானத்தில் வந்து இறங்கியபோதும், குழிக்குள் போனபோதும் செல்லபாய் அழவில்லை.

அவன் மொட்டைமாடியில் கோழி வளர்த்திருந்தான். அவனோடு தங்கியிருந்த மார்த்தாண்டத்துக்காரன் ஷிஜின், கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, முட்டைகளை மட்டும் அட்டைப்பெட்டியில் உமி போட்டு வைத்திருந்தான். மகனின் சட்டையைக்கூட எடுக்காத செல்லபாய் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"இத அடை வைக்கணும். அவனுக்க கோழி நம்ம முற்றத்துல நிக்கட்டு."

ஷிஜின் பிரீனாவைத் தனியே அழைத்தான். "அம்மைட்ட எப்பிடிச் சொல்லதுன்னு தெரியல. இஞ்ச சேவலே கெடையாது. கூவுதுன்னு ஹவுஸ் ஓனர் சண்டை போட்டதுல, சாவதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் பிரபின் அத ஒருத்தருக்குக் குடுத்தான். சேவல் இல்லாத முட்டை எங்க பொரிக்கும்?"

பிரீனாவுக்கு அதை அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

விமான நிலையச் சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். "எனக்க மகனுக்க முட்டை," என்றாள் செல்லபாய், தமிழில். பிரீனா ஆங்கிலத்தில் விளக்கினாள். சோதனைக்கு நின்ற பெண் ஒரு முட்டையை விரலால் தொட்டாள். பிறகு பெட்டியை மூடிக் கொடுத்தாள்.

விமானத்தில் செல்லபாய் குளிர்காற்று படாமல் பெட்டியைச் சேலைத் தலைப்பால் போர்த்தி மடியில் வைத்துக்கொண்டாள். மேகத்துக்குள் விமானம் குலுங்கியபோது குனிந்து பெட்டியில் காது வைத்தாள். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"மக்கா, உள்ள இருந்து தட்டுது. கேக்குதியா?"

பிரீனாவும் காது வைத்தாள். இன்ஜின் இரைச்சல் மட்டும்தான். "கேக்குதும்மா," என்றாள். அம்மா அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவளுக்கு உடம்பு கூசியது.

குலுங்கி வந்த முட்டைகளை உடனே அடை வைக்கக் கூடாது என்று ஷிஜின் அம்மாவின் ஆறுதலுக்காகச் சொல்லியிருந்தான். வீட்டில் கூர்முனை கீழே இருக்க ஒருநாள் அசையாமல் வைத்தார்கள். பக்கத்து வீட்டு ஜினி தன் அடைக்கோழியைக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து செல்லபாய் கோழிக்கூட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "வெயிலு ஆறட்டு பிரபினே, பொறவு வா," என்று பேசுவாள். நிறுத்துவாள், பதில் கேட்பதுபோலத் தலையாட்டுவாள். பகல் வெளிச்சத்தில்கூடப் பிரீனா அந்தப் பக்கம் போகப் பயந்தாள்.

எல்லாம் கூமுட்டை என்று காட்டி இதை முடித்துவிட நினைத்தாள். ஒரு வாரம் கழித்து, அம்மா குளிக்கப் போன நேரம் முட்டைகளை இருட்டறைக்குக் கொண்டுபோய், செல்போன் விளக்கில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். வெறுமை. அடுத்ததும் வெறுமை. பிறகு ஒன்றில் சிவப்பு நரம்புகள் படர்ந்திருந்தன. நடுவே ஒரு புள்ளி துடித்தது.

அந்தப் போனிலேயே ஷிஜினைக் கூப்பிட்டாள். அவன் யாரிடமோ விசாரித்துவிட்டுத் திரும்ப அழைத்தான். "சேவல் போன பொறவும் கொஞ்ச நாளு கோழிக்க உள்ள அதுக்க உயிரு கெடக்குமாம். பயப்படாத."

காரணம் தெரிந்தது. பயம் போகவில்லை. முன்னைவிட அதிகமானது.

அந்த ஒன்று மட்டும் பொரிந்தது. ஈரம் காயாத குஞ்சைச் செல்லபாய் உள்ளங்கையில் எடுத்தாள். அதன் கண்ணை, அலகை, காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது வெறும் கோழிக்குஞ்சு மக்கா," என்றாள். "வெறும் குஞ்சுதான்."

முதல்முறையாக அழுதாள். ஜினி ஓடிவந்து பிடித்துக்கொள்ளும்வரை அழுதாள். பிறகு முகம் கழுவி, எத்தனையோ நாளைக்குப் பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள். "மிச்சத்தக் கொண்டு புதைச்சிரு, நாறும்," என்றாள்.

பிரீனா மற்ற முட்டைகளை ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோனாள். குழி தோண்டி உள்ளே அடுக்கினாள். மண்ணைத் தள்ளப் போன கை நின்றது. முழங்காலிட்டு, குழிக்குமேல் காதைச் சாய்த்தாள்.

வீட்டிலிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். குழியை மூடிய பிறகும் பிரீனா எழவில்லை.