இமை வைத்த கார்கள்

கார் தொழிற்சாலையில் விளக்கு மூடிப் பிரிவு தொடங்கிய மூன்றாம் மாதம், அங்கே வேலை பார்த்த நாற்பத்தோரு பேருக்கும் பகலில் கண் திறக்காமல் போனது. அந்த வாரம் வெங்காயமும் மண்ணெண்ணெயும் ஒன்றாக விலை ஏறியிருந்ததால் ஊரில் இதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. காலையில் வெளிச்சம் வந்ததும் இமைகள் இறங்கி ஒட்டிக்கொள்ளும். பொழுது சாய்ந்து தெருவிளக்கு எரிந்ததும் தாமாகவே ஏறிக்கொள்ளும். வலி இல்லை, நீர் வடியவில்லை. தொழிற்சாலை டாக்டர் நாற்பத்தோரு பேரையும் வரிசையில் நிறுத்திப் பார்த்துவிட்டு, கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை, இமைக்குத்தான் பிடிவாதம் என்று எழுதிக் கொடுத்தார்.

அப்போது ஒரு சட்டம் இருந்தது. காரின் விளக்கு தரையிலிருந்து இத்தனை உயரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. வாங்குகிறவர்களோ காரின் மூக்கு தரையை முகர்ந்துகொண்டு போவதுபோல் தாழ்ந்திருக்க வேண்டும் என்றார்கள். இரண்டு பக்கத்தையும் சமாளிக்க, விளக்கை பானெட்டுக்குள் ஒளித்துவைத்து, சுவிட்சைப் போட்டால் மூடியோடு எழும்பி வரும்படி செய்தார்கள். பகலெல்லாம் கார் கண்ணை மூடிக்கொண்டு ஓடும், இருட்டியதும் விழித்துக்கொள்ளும். ஊரே அதன் மேல் பைத்தியமாக இருந்தது. பிள்ளைகள் கார் வரைந்தால் இமையோடு வரைந்தார்கள். பணக்காரர்கள் பட்டப்பகலில் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி, நாலு பேர் பார்க்கட்டும் என்று சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள். இரண்டே ஆண்டில் மூடிப் பிரிவில் முந்நூறு பேர் ஆனார்கள். எல்லோரும் பகலில் கண் மூடியவர்கள். சுவரோரம் கயிறு கட்டி, கழிவறை வாசலில் ஒரு மணியும் மாட்டிவிட்டது நிர்வாகம். கண் மூடிய பிறகு வேலை முன்னைவிடச் சுத்தமாக நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கூடத்தில் பகலில் விளக்கு போடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

முதல் நாற்பத்தோரு பேரில் ஒருத்திக்கு அரைநூல் என்று பெயர் வந்தது. மூடிக்கும் பானெட்டுக்கும் நடுவில் சுற்றிலும் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, இடைவெளி இருக்க வேண்டும். கூடினால் மழைத்தண்ணீர் இறங்கும், குறைந்தால் மூடி மாட்டிக்கொள்ளும். மற்றவர்கள் தகடு வைத்து அளந்ததை அவள் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டியே சொல்லிவிடுவாள். அவள் கை பட்ட மூடி திரும்பி வந்ததே இல்லை. அடுத்த வரிசையில் செய்த மூடிகள் சில ஆண்டுகளில் தூசியும் துருவும் ஏறி மாட்டிக்கொண்டு, ஒரு விளக்கு மட்டும் எழும்பும் கார்கள் தெருவில் கண்ணடித்துக்கொண்டு திரிந்தன. ஒரு தலைமையாசிரியரின் கார் மகளிர் விடுதி வாசலில் அப்படி நின்றதில், அவர் மனைவி பத்து நாள் அவரோடு பேசவில்லை. அரைநூல் அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "அது நம்ம மூடி இல்ல," என்றாள்.

அவள் கணவன் தொழிற்சாலை பஸ் ஓட்டினான். காலையில் அவளைக் கைப்பிடித்து ஏற்றி முன் சீட்டில் உட்காரவைப்பதும் அவன்தான். வேலையில் சேர்ந்த ஓராண்டில் மகள் பிறந்தாள். பிரசவ விடுப்பு இரண்டு மாதம். கண் திறக்க மூன்று மாதம் வேண்டும் என்பது, வேலையை விட்டுப்போன இரண்டு பேருக்குச் சரியாகத் தொண்ணூறாம் நாள் திறந்ததில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் அரைநூல் தன் மகளைப் பொழுது சாய்ந்த பிறகு மட்டுமே பார்த்தாள். குழந்தை குப்புற விழுந்ததும் முதல் அடி வைத்ததும் பகலில் நடந்தன. அவற்றைக் கணவன் சொல்லக் கேட்டுக்கொண்டாள். மாலை டியூப்லைட் வெளிச்சத்தில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, முகத்தில் ஒரு இடம் விடாமல் பார்ப்பாள். அந்த வெளிச்சத்து முகம் அவளுக்கு மனப்பாடம்.

மகள் ஒன்பது வயதில் முதல் தடவை கேட்டாள். பள்ளியில் காலை நேரத்தில் ஒரு விழா. மேடையில் அவள் பேசினாள். அம்மா முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பாதியில் பேச்சு மறந்துபோனது.

"வேலைய விட்டுடும்மா. மூணு மாசத்துல கண்ணு தொறந்துடும்ல."

"விடலாம்டி. இந்த மாடல் முடியட்டும்."

அந்த மாடல் முடிந்து அடுத்தது வந்தது. பதினான்கு வயதில் மறுபடி கேட்டாள். அப்போதும் ஒரு மாடல் நடுவில் இருந்தது. பத்தொன்பதில் கேட்டபோது குரலில் கெஞ்சல் இல்லை, வெறுமனே விசாரிப்பதுபோல் இருந்தது. பிறகு கேட்கவில்லை. இருபத்திரண்டு வயதில் தூர தேசத்தில் வேலை கிடைத்துக் கிளம்பினாள். வண்டி காலை ஒன்பது மணிக்கு. அரைநூல் மூடிய கண்ணோடு நடைமேடையில் நின்று, மகள் எந்த ஜன்னலில் இருக்கிறாள் என்று தெரியாமல் ரயிலின் முழு நீளத்துக்கும் கையாட்டினாள். மகள் மறுபக்கத்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு காரியங்கள் வேகமாக இறங்கின. முதலில் அந்த உயரச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் வந்தது. அதை எந்த மூக்குக்கும் ஏற்றபடி வளைத்து, விளக்கை அப்படியே வெளியில் ஒட்டிவிடலாம். மோட்டார் வேண்டாம், ஸ்பிரிங் வேண்டாம், மூடி வேண்டாம். எழும்பி நிற்கும் மூடி தெருவில் நடப்பவர் மேல் மோதினால் ஆளைக் கிழித்துவிடும் என்று இன்னொரு சட்டமும் வந்தது. பகலிலும் எரியும் விளக்குகளை வைத்து விற்றார்கள். ஜனங்கள் அதற்கும் நாலு நாளில் பழகினார்கள். மூடி வைத்த கார்களைப் பார்த்துப் பிள்ளைகள், "தூங்குமூஞ்சி வண்டி," என்றார்கள். மூடிப் பிரிவில் முந்நூறு பேர் எண்பதானார்கள், எண்பது இருபதானது. வெளியேறியவர்களுக்கெல்லாம் தொண்ணூறாம் நாள் கண் திறந்து, பழையபடி பகலிலும் இரவிலும் பார்த்தார்கள். கடைசியில் பழைய வண்டிகளுக்கு மாற்று மூடி செய்ய ஏழு பேர் மட்டும் இருந்தார்கள். மேற்பார்வையாளர் அரைநூலை இரண்டு தடவை கூப்பிட்டு, புது விளக்குப் பிரிவுக்கு வந்துவிடச் சொன்னார். "இங்க ஆள் வேணும்ல சார்," என்றாள். அங்கே அவ்வளவாக ஆள் வேண்டியிருக்கவில்லை. மகள் போன நான்காம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை, மோட்டார்களை எடைக்குப் போட்டுவிட்டுக் கூடத்தைப் பூட்டினார்கள்.

தொண்ணூறாம் நாள் காலை அவளுக்குக் கண் திறந்தது. முதலில் தெரிந்தது கணவன் முகம். வேலைக்குச் சேரும் முன்னால் பகலில் பார்த்துப் பழகிய முகம்தான். டியூப்லைட்டில் பார்த்துப் பழகிய வழுக்கை மட்டும் வெயிலில் மின்னியது. "பகல்ல இவ்வளவு மின்னும்னு உனக்குத் தெரியாதுல்ல," என்றான் அவன். "நல்லதாப் போச்சு. முன்னாடியே பாத்திருந்தா ஓடிப் போயிருப்பே." அன்று முழுக்க அவள் வீட்டுச் சுவரையும் கொடியில் காயும் துணியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்து தெருவிளக்கு எரிந்ததும் இமைகள் இறங்கி மூடிக்கொண்டன. கடைசிவரை இருந்த ஏழு பேருக்கும் அப்படித்தான் ஆனது: பகலில் திறந்தது, மாலையில் மூடியது. டாக்டர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். புதிதாக வந்தவர் பழைய சீட்டையே பார்த்து எழுதிக் கொடுத்தார்.

இரண்டு ஆண்டு கழித்து மகள் விடுமுறைக்கு வந்தாள். பகல் பதினோரு மணி. அரைநூல் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். டாக்சியிலிருந்து பெட்டியோடு இறங்கிய பெண்ணைப் பார்த்து, "யாரு வேணுங்க?" என்றாள்.

மகள் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். "நான்தாம்மா."

"எம் பொண்ணத் தேடி வந்தீங்களா? அவ வெளிநாட்டுல இருக்கா. உள்ள வந்து உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

கணவன் பின்கட்டிலிருந்து ஓடிவந்து விளக்கினான். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கணவன் பொய் சொல்லமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். மகளின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள், முழங்கையில் இருந்த தையல் தழும்பைப் பார்த்தாள். "சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள். பூமி உருண்டை என்பதை ஒப்புக்கொள்வதுபோல் ஒப்புக்கொண்டாள். ஆனால் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பியதும் வாய் தானாக, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றது. அவளுக்குத் தெரிந்த முகம் டியூப்லைட் முகம். சூரிய வெளிச்சத்தில் நின்ற பெண்ணுக்குக் குரல் ஒத்துப்போனாலும் வேறு கன்னம், வேறு நிறம். கண்ணுக்குள் ஒரு மாந்தளிர்ச் சாயல், அதை அவள் கண்டதே இல்லை. அன்று மாலை இமைகள் மூடிக்கொண்டபோது பக்கத்தில் மகளின் மூச்சு கேட்டது. கையை நீட்டி முகத்தைத் தொட்டாள். "எப்படி வந்தே? எப்ப வந்தே? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று அழுதாள்.

பதினாறு நாள் அப்படியே போனது. பகலில் நீங்க, பொழுது சாய்ந்தால் நீ. ஒருநாள் அந்தி நேரத்தில் மகள் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். கண் மூடுகிற அந்த நொடியிலாவது பகலும் இரவும் ஒட்டிக்கொள்ளாதா என்று பார்த்தாள். அரைநூலும் முயன்றாள், இமைக்காமல் அந்த முகத்தையே பார்த்தாள். தெருவிளக்கு எரிந்தது. இமைகள் இறங்கின. "இப்ப இங்க ஒருத்தங்க இருந்தாங்களே, போயிட்டாங்களா?" என்று கேட்டாள். "போயிட்டாங்கம்மா," என்றாள் மகள். அதன் பிறகு அவள் முயலவில்லை. பகலில் விருந்தாளியாகவே இருந்தாள். பாத்திரம் கழுவப் போனால் "ஐயோ, நீங்க எதுக்கு" என்று தடுக்கப்பட்டாள். நல்ல தம்ளரில் டீ கிடைத்தது.

மகள் வந்த பன்னிரண்டாம் நாள் முற்பகல், இருவரும் சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். மகள் தலையைத் தூக்காமல் கேட்டாள்: "உங்க பொண்ணு உங்கள வேலைய விடச் சொல்லலையா?"

"சொன்னா. மூணு தடவ சொன்னா." அரைநூல் ஒரு காயின் நாரை முழுசாக உரித்துப் போட்டாள். "இந்த மாடல் முடியட்டும், அந்த மாடல் முடியட்டும்னு சொல்லிட்டேன். குடும்பத்துக்காகத்தான் இருந்தேன்னு அவ நெனச்சுக்கிட்டிருக்கா. அது நெசமில்லீங்க."

மகள் அடுத்த காயை எடுத்தாள்.

"காலையில கண்ண மூடிக்கிட்டு அந்த மூடி மேல வெரல வச்சேன்னு வைங்க, எனக்கு வேற ஒண்ணுமே வேணாம்னு இருக்கும். புருஷன், புள்ள, வீடு, ஒண்ணும் நெனப்புல இருக்காது. சாயங்காலம் கண்ணு தொறந்துக்கும். சில நாள் எதுக்குத் தொறந்துச்சுன்னு இருக்கும். ஓடி வந்து அவ மொகத்தப் பாப்பேன். பாசம் இல்லாம இல்ல. ஆனா ரெண்டுல ஒண்ணுன்னு வந்தப்ப மூணு தடவையும் நான் அதத்தான் எடுத்தேன்." கத்தியைக் கீழே வைத்தாள். "யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க வெளி ஆளுன்றதால வாய்ல வந்துடுச்சு. அவ காதுல போட்டுடாதீங்க. தாங்க மாட்டா."

"போட மாட்டேங்க," என்றாள் மகள். மீதி அவரைக்காயை அவளே நறுக்கி முடித்தாள். எல்லாம் ஒரே அளவில் இருந்தன. அன்று மாலை அம்மா வழக்கம்போல் முகத்தைத் தடவிப் பார்த்தபோது, கன்னம் ஈரமாக இருந்ததற்கு வெங்காயம் என்று காரணம் சொன்னாள்.

திரும்பும் பயணமும் காலையில்தான். அரைநூல் வாசல்வரை வந்து, "பத்திரமா போயிட்டு வாங்க. எம் பொண்ணு இருக்கறப்ப ஒரு தடவ வாங்க," என்று வழியனுப்பினாள். மகள் அவள் காலடியில் இருந்த வாளியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு டாக்சியில் ஏறினாள். சாயங்காலம் கண் மூடியதும் அரைநூல் தனக்கும் மகளுக்குமாக இரண்டு தட்டு எடுத்து வைக்கச் சொன்னாள். சோறு ஆறியது.

"எங்க அவ, இன்னும் காணோம்?"

"ஊருக்குப் போயிட்டாம்மா, காலையில," என்றான் கணவன்.

"எங்கிட்ட சொல்லிக்காமயா?"

"சொல்லிக்கிட்டுத்தான் போனா."

அவள் தன் தட்டைத் தள்ளி வைத்தாள். மகள் மேல் அவளுக்குக் கோபம் வந்ததும், அது கடைசிவரை முழுசாகத் தணியவில்லை என்பதும் அக்கம்பக்கத்தார் சொன்னது. மகளுக்கு ஊருக்கு வர அடுத்த ஆண்டு தோதுப்படவில்லை, அதற்கடுத்த ஆண்டும் படவில்லை; பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. கணவன் ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தான். கண் மாறிப்போன ஏழு பேரில் மூன்று பேர் இருந்தார்கள், பிறகு அவள் மட்டும். தெருவில் மூடி வைத்த கார் ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மகள் போன் செய்வாள். உடம்பு, மழை, விலைவாசி எல்லாம் பேசி முடித்த பிறகு, அரைநூல் எப்போதும் ஒன்றை விசாரிப்பாள்.

"அப்ப ஒருத்தங்க வந்திருந்தாங்களே, உனக்குத் தெரிஞ்சவங்க. நல்ல பொண்ணு. சொன்னதெல்லாம் பொறுமையாக் கேட்டுக்கிட்டாங்க. அவங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்கம்மா," என்பாள் மகள். "உங்களக் கேட்டதாச் சொன்னாங்க."