ஜெபத்தில் வைத்துக்கொண்டவர்

செய்வதாகச் சொல்லிச் செய்யாமல் விட்ட ஜெபங்கள் ஹெர்பர்ட்டின் உடம்பில் எடையாக ஏறத் தொடங்கியது 1994-இல். அதே வருடம் சிவாஜிநகரில் வெங்காய விலையும் ஏறியது. வெங்காயம் இறங்கிவிட்டது.

ஹெர்பர்ட் ஓய்வுபெற்ற தந்தி ஆபீஸ் குமாஸ்தா. ஒல்லியானவர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் நிற்பார். சபையார் தங்கள் கஷ்டங்களை அங்கேதான் சொல்வார்கள்: கிட்னியில் கல், துபாய் விசா, மகளுக்கு வரன். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில் இருந்தது. "ஜெபத்துல வெச்சுக்கிறேன்." சொல்லும்போது கண்ணை லேசாக மூடுவார், கேட்டவருக்குப் பாதி குணமானது போலிருக்கும். பிறகு வீடு, மனைவி பவுலின் வைத்த மட்டன் குழம்பு, தூக்கம். மற்ற சபையாரும் இதையேதான் செய்தார்கள். அவருக்கு மட்டும் ஏன் ஏறியது என்று யாருக்கும் தெரியவில்லை. தெருவில் பத்துத் தென்னை இருந்தாலும் இடி ஒன்றின் மேல்தான் விழுகிறது.

முதலில் கட்டில் உடைந்தது. அடுத்து சர்ச் பெஞ்சு. வெள்ளைக்காரன் காலத்துத் தேக்கு. உடம்பு பெருக்கவில்லை, சட்டை அதே சட்டை. டாக்டரின் எடை மிஷினில் முள் முழுச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. டாக்டர் வைட்டமின் எழுதிக்கொடுத்தார். பஸ் அவர் உட்கார்ந்த பக்கமாகச் சாய்ந்தது. "யஜமான்ரே, நடுவுல வந்து நில்லுங்க, டயர் போயிடும்" என்றார் கன்னடக் கண்டக்டர்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் பவுலின். ஒரு மத்தியானம் சாப்பாட்டின்போது கேட்டார்: "பாடகர் குழு ஜோவிதா ஆபரேஷன்னு சொன்னாளே, ஜெபிச்சீங்களா?"

"அடடா."

"அவ தையல் பிரிச்சு வீட்டுக்கே வந்துட்டா."

சாதம் பிசைந்த கையோடு ஹெர்பர்ட் கண்ணை மூடி ஜெபித்தார். அதுவரை முனகிக்கொண்டிருந்த நாற்காலி அடங்கியது. காலம் கடந்த ஜெபமும் செல்லும் என்று தெரிந்தது. ஆண்டவருக்கு முன், பின் கிடையாது என்று போதகர் யூஜின் விளக்கம் தந்தார். அன்று சாயங்காலம் அவரும் எடை மிஷினில் ஏறிப் பார்த்ததாக அவர் மனைவி சொன்னார்.

ஒரு வருடம் ஹெர்பர்ட் பாக்கி ஜெபங்களை முடித்தார். பரீட்சையில் தோற்று ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன் பாஸாக வேண்டும் என்றுகூட ஜெபித்தார். எடை இறங்கியது. ஒன்று மட்டும் இறங்க மறுத்தது: பக்கத்து வீட்டு லட்சுமம்மாவுக்காக ஏறியது. அவர் மகன் பரத்துக்கு பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி பிரஸ் மிஷினில் இரண்டு விரல் போனது. கட்டு பிரித்துத் திரும்பிப் போனபோது வேலை இல்லை என்றார்கள். "அண்ணா, ஒரு தரம் கூட வாங்க. உங்களுக்கு இங்கிலீஷ் வருது. என்னை கேட்டுக்குள்ளயே விடமாட்டேங்கிறாங்க" என்று லட்சுமம்மா கேட்டிருந்தார். ஹெர்பர்ட் கண்ணை லேசாக மூடி வழக்கமான பதிலைச் சொன்னார். "அதை நானே எல்லா கோயில்லயும் செஞ்சுட்டேன் அண்ணா. நீங்க வாங்க" என்றார் லட்சுமம்மா. ஹெர்பர்ட் போகவில்லை. இப்போது காலையும் மாலையும் பரத்துக்காக ஜெபித்தார். ஒரு கிராம் குறையவில்லை.

"அவ உங்ககிட்ட ஜெபமா கேட்டா? பஸ் ஏறி வரச் சொன்னா" என்றார் பவுலின்.

லட்சுமம்மாவோடு போனார். பரத் கான்ட்ராக்ட் ஆள், கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்றார் மேனேஜர். பதில் வரும்வரை எழுந்திருப்பதில்லை என்று ஹெர்பர்ட் நல்ல இங்கிலீஷில் சொன்னார். இரண்டு செக்யூரிட்டிகள் அவரை நாற்காலியோடு தூக்கி ஓசூர் ரோட்டில் வைத்துவிட்டு, நாற்காலியை மட்டும் எடுத்துப்போனார்கள். ஏறியிருந்தது ஒருத்தியின் பாரம்தான்; அதற்கு இரண்டு ஆள் போதும்.

"போன வருஷம் வந்திருந்தா இவங்களால அசைச்சிருக்க முடியுமா அண்ணா?" என்றார் லட்சுமம்மா. அழுதுகொண்டிருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு ஹெர்பர்ட் மறுபடி சர்ச் வாசலில் நின்றார். ஒருவரையும் விடவில்லை. கஷ்டம் இல்லை என்றவரிடம் "பல்வலிகூடவா இல்ல?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லோரையும் ஜெபத்தில் வைத்துக்கொண்டார், ஒன்றையும் செய்யவில்லை. அதுதான் சிரமமாக இருந்தது. ஒரு வருடப் பழக்கத்தில் ஆண்டவரே என்று வாய் தானாகத் திறக்கும். பவுலின் ஓடிவந்து காபி டம்ளரை வாயில் வைப்பார். சில வாரங்களில் வாசல்படி பிளந்தது. பஸ் ஏற்ற மறுத்தது. செங்கல் லாரி ஒன்றில் பொம்மசந்திரா போனார். லாரிக்காரர் செங்கலை இறக்கிவிட்டுத்தான் ஏற்றினார்.

மேனேஜர் அறையில் சோபா உடைந்தது. தரையில் உட்கார்ந்தார்; டைல்ஸ் வெடித்தது. செக்யூரிட்டிகள் வந்தார்கள், பிறகு ஒரு ஷிப்ட் ஆட்கள் முழுக்க வந்தார்கள், பிறகு ஃபோர்க்லிஃப்ட் வந்தது. ஃபோர்க்லிஃப்டின் பின்சக்கரம் மேலே எழும்பியது. லட்சுமம்மா புளியோதரை ஊட்டினார். மூன்றாம் நாள் மேனேஜர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"ஏன்ரீ இது? எழுந்திருங்க சார். பையனுக்கு ஏதாவது செய்றேன்."

ஹெர்பர்ட் பதறிவிட்டார். "சொல்லாதீங்க சார்! சொன்னா ஏறும். செஞ்சுடுங்க."

மேனேஜர் வெடித்த டைல்ஸைப் பார்த்தார். அன்று மத்தியானமே பரத் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலைக்குச் சேர்ந்தான்.

லட்சுமம்மாவின் பாரம் கம்பெனி கேட்டிலேயே இறங்கிவிட்டது. மற்றதை ஹெர்பர்ட் வீட்டுக்கு வந்து ஜெபித்து இறக்கினார். ஆனால் சேதி பரவிவிட்டது. பென்ஷன் வராதவர்கள், காலேஜ் சர்டிபிகேட் கிடைக்காதவர்கள், சபையைச் சேராதவர்களும் வந்தார்கள். தேவைப்படும் வாரங்களில் சபையார் தங்கள் ஜெபத்தைப் பாக்கியில் விட்டுவைக்க ஒத்துக்கொண்டார்கள். 2003-இல் வந்த புதுப் போதகர் ஆலய வாசலில் ஒரு கருங்கல் பலகை கிடப்பதைப் பார்த்து யாருடைய கல்லறை என்று கேட்டார். ஹெர்பர்ட் அங்கிள் நிற்கும் இடம் என்றார்கள். அவர் தலையசைத்து உள்ளே போனார்.

ஆராதனை முடிந்தால் ஹெர்பர்ட் இன்றும் அங்கேதான் நிற்கிறார். கஷ்டம் சொல்பவரை முழுக்கக் கேட்டுவிட்டு, கண்ணை மூடாமல் ஒன்று கேட்கிறார்:

"ஜெபமா, உட்காரணுமா?"