விரல் படித்த எழுத்து

இருபத்தாறு வருடமாக ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் அவர். ஒரு ஒற்று விட்டுப்போனாலும் விடமாட்டார் என்பதால் அங்கே அவருக்கு ஒற்றம்மா என்றே பெயர். அன்று காலை செய்தித்தாளை விரித்ததும் அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

“ஏங்க, இது என்ன பாஷை? யார் வீட்டுப் பேப்பரையோ மாத்திப் போட்டுட்டான்.”

பஸ் ஓட்டுநரான கணவர் எட்டிப் பார்த்தார். “நம்ம பேப்பர்தான். காலங்காத்தால விளையாடாதே.”

அவர் விளையாடவில்லை. சுவர்க் காலண்டர், மருந்துச் சீட்டு எல்லாமே வெறும் கிறுக்கலாகத் தெரிந்தன. கணவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததுகூடத் தெரிந்தது. எழுத்து மட்டும்தான் கைவிட்டுவிட்டது. கணவர் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

“மூளையோட பின்பக்கம் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைச்சிருக்கு,” என்றார் மருத்துவர், ஸ்கேனைக் காட்டி. “கண்ணு பாக்குது. ஆனா பார்த்தது எழுத்துன்னு அடையாளம் சொல்ற இடத்துக்குச் சேதி போகல.” காகிதத்தை நீட்டினார். “ஏதாவது எழுதுங்கம்மா.”

“படிக்கவே வரல, எழுத எங்க வரப்போகுது?” என்றபடியே பேனாவை வாங்கினார் ஒற்றம்மா. கை தயங்கவே இல்லை. முத்து முத்தாக இரண்டு வரி எழுதிவிட்டு அதையே உற்றுப் பார்த்தார். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

கணவர்தான் வாங்கிப் படித்தார்: “எனக்கு ஒன்றுமில்லை. இவர்தான் பயந்து போயிருக்கிறார்.” சிரிக்கப் போனவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த இரண்டு மாதம் எழுத்து அட்டைகளோடு மல்லுக்கட்டினார். அரிச்சுவடியைக்கூடத் தாண்ட முடியவில்லை. ஒரு மத்தியானம் வெறுத்துப்போய் ஓர் அட்டையை வெறித்துக்கொண்டிருந்தபோது, சுட்டுவிரல் தன்பாட்டுக்கு மேசைமேல் அந்த வளைவுகளை வரைந்தது. வரைந்து முடித்த கணம் வாய் சொல்லிவிட்டது: “ழ!”

அடுத்த அட்டையையும் வரைந்தார். “கு.” அதற்கடுத்தது, “டை.”

“ஏங்க, இங்க வாங்க! கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியுது!”

கணவர் ஓடிவந்து அந்த விரலைப் பிடித்துப் பார்த்தார், அதில் ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி. ஒற்றம்மாவுக்கும் அது தன் விரல்தானா என்றிருந்தது. கூட இருந்தே இத்தனை நாளும் சத்தம் காட்டாமல் எல்லாவற்றையும் கற்று வைத்திருக்கிறது.

“எழுதுற பழக்கம் மூளையில வேற இடத்துல இருக்கும்மா,” என்றார் மறுநாள் மருத்துவர். “அந்த வழியா உள்ள நுழைஞ்சிட்டீங்க.” சொன்னவர் குரலிலும் வியப்பு இருந்தது.

ஒரு பக்கம் படிக்க ஒரு காலைப்பொழுது போனது. நலம் விசாரிக்க வந்த அச்சக முதலாளி, அன்று அச்சுக்குப் போகவிருந்த ஒரு புத்தக அட்டையைச் சும்மா நீட்டினார். ஒற்றம்மாவின் விரல் முழங்கால்மேல் ஊர்ந்தது, பாதியில் நின்றது.

“பரமாரிப்புன்னு இருக்கு. பராமரிப்பு இல்லையா?”

முதலாளி அட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். “மூணு பேர் பாத்தோமே!”

“பாத்தீங்க. நான் பாக்கலியே, எழுதிப் பாத்தேன்.”

அதன்பிறகு எழுத்து குறைவான புத்தக அட்டைகள் மட்டும் அவருக்கு வந்தன. இப்போதெல்லாம் கணவர் ஓட்டும் பஸ்ஸில், முன் இருக்கையில் உட்கார்ந்துதான் வேலைக்குப் போகிறார். கடைப் பலகைகளை விரல் வரைந்து முடிப்பதற்குள் வண்டி கடந்துவிடும். சிவப்பு விளக்கு விழுந்தால் மட்டும் ஒரு முழுப் பெயர் கிடைக்கும்.